அசைய மறுக்கும் ஆங்கர்: நீச்சல் குள கவர் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சிங்கப்பூரில் தரை வீடுகளில் நீச்சல் குளம் வைத்திருக்கும் வாசகர்கள் இந்த முறை அனுப்பிய கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சாமானைப் பற்றியவை: பாதுகாப்பு கவரின் பட்டைகளை இழுத்துப் பிடிக்கத் தரையில் பதித்திருக்கும் பித்தளை ஆங்கர். அதன் அமைப்பு தெரிந்தால் பதில்கள் எளிதாகப் புரியும். கான்கிரீட்டில் பெரும்பாலும் முக்கால் அங்குலத் துளை (19 மி.மீ.) போட்டு, வெளிப்பக்கம் சொரசொரப்பான ஒரு ஸ்லீவை அதில் அடித்து இறக்கியிருப்பார்கள். அது அசையவே கூடாது. அதற்குள் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஏறி இறங்குவது உள்திருகு. கவர் போடும்போது, அதன் தலையிலுள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயை (அறுகோணச் சாவி) செருகி இடப்பக்கம் திருப்பினால் உள்திருகு தரைக்கு மேலே எழும். பட்டையின் ஸ்பிரிங்கை அதன் கழுத்தில் மாட்டுவோம். கவரை எடுத்ததும் வலப்பக்கம் திருப்பினால் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும், காலில் இடறாது. ஸ்லீவுக்கும் உள்திருகுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியில் எது புகுந்தது என்பதுதான் கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல்.

கேள்வி: எங்கள் குளத்தைச் சுற்றி 26 ஆங்கர்கள். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது போட்ட கவரை ஜனவரியில் எடுத்து, எல்லாவற்றையும் இறக்கி வைத்தோம். ஜூன் விடுமுறைக்கு மறுபடி போடப் பார்த்தால் ஏழு ஆங்கர்கள் எழும்பவே மாட்டேன் என்கின்றன. பலமாகத் திருப்பினால் கீ வழுக்குகிறது. கீயில் நீளமான குழாயை மாட்டித் திருப்பலாமா? (வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்)

பதில்: குழாய் வேண்டாம். பித்தளை மென்மையான உலோகம். வழுக்கும் கீயில் நெம்புகோல் பலத்தையும் சேர்த்தால் அறுகோணக் குழி வட்டமாகிவிடும். அப்புறம் பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகும்.

முதலில் உங்கள் கையிலுள்ள கீயைப் பாருங்கள். இந்த வகைக் கவர்கள் பெரும்பாலும் அமெரிக்க அளவில் செய்யப்பட்டவை; ஆங்கரின் குழி பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. நம் ஹார்டுவேர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் செட்டில் இருப்பது 6 மி.மீ. கீ. அது குழிக்குள் போகும், பொருந்துவது போலவும் தெரியும். ஆனால் அந்த 0.35 மி.மீ. தளர்ச்சி போதும், இறுகிய ஆங்கரில் மூலைகளை மழுக்கிவிட. கடையில் 'கால் இஞ்சு' என்று அளவைச் சொல்லிக் கேளுங்கள். இரு கையாலும் பிடிக்க வசதியான டி வடிவக் கைப்பிடி உள்ளது நல்லது. பந்து முனை உள்ள கீ வேண்டாம்; அது சாய்வாக நுழைவதற்குச் செய்தது, பலம் தாங்காது.

கீ சரியென்றால் அடுத்தது குழியின் அடி. மண், இலைத் துகள், குருவிக்கூடு போல் இறுகிய அழுக்கு எல்லாம் அங்கே தங்கி, கீ பாதி ஆழம்தான் இறங்கும். பழைய பல் மருத்துவக் கொக்கி அல்லது கெட்டியான ஊக்கு கொண்டு சுரண்டி, ஈரத்தையும் இழுக்கும் வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். நல்ல நிலையிலுள்ள ஓர் ஆங்கரில் கீ எவ்வளவு இறங்குகிறது என்று கீயிலேயே நாடா ஒட்டிக் குறித்துக்கொண்டால், இறுகிய ஆங்கரிலும் அந்தக் குறிவரை இறங்குகிறதா என்று பார்க்கலாம். இறங்காத வரை திருப்பாதீர்கள். வாக்குவத்துக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தால் ஊதினால் மண் கண்ணில் தெறிக்கும்; ஊதியே ஆகவேண்டுமென்றால் கண்ணாடி அணியுங்கள். பிரஷர் ஜெட் மட்டும் வேண்டவே வேண்டாம். மேலே இருக்கும் மணலை மரைக்குள் ஆழமாகத் தள்ளுவது அதுதான். குளத்தைச் சுற்றி ஜெட் அடித்துக் கழுவிய மறுவாரமே ஆங்கர்கள் இறுகுவது வழக்கம்.

இனி, இறுகியது எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்லீவின் விளிம்பில் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது சுண்ணாம்புப் படிவு. குளத்து நீர் தெறித்துத் தெறித்துக் காய்ந்ததில் கால்சியம் சேர்ந்திருக்கும். பச்சையாக இருந்தால் பித்தளையின் களிம்பு. இரண்டும் இல்லாமல் பழுப்பாக, கிள்ளினால் பொடிவதாக இருந்தால் வெறும் மண். வெறும் மண்ணுக்கு வெந்நீரே போதும்: கெட்டிலில் கொதிக்க வைத்து, ஓர் ஆங்கருக்கு ஒரு கப் வீதம் மெதுவாக ஊற்றி, வாக்குவத்தால் இழுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

சுண்ணாம்புக்குச் சமையலறை வெள்ளை வினிகர் போதும். முதலில் நல்ல தண்ணீரால் அலசுங்கள். அங்கே குளோரின் மருந்து சிந்தியிருந்து, அதன்மேல் அமிலம் பட்டால் குளோரின் வாயு வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் 5 மி.லி. சிரிஞ்சால் உள்திருகைச் சுற்றிய இடைவெளியில் 2 அல்லது 3 மி.லி. விடுங்கள். நுரைத்தால் சரியான இடத்தில் வேலை செய்கிறது என்று பொருள். 15 நிமிடம் கழித்து அலசி, மறுபடி ஒரு முறை. தரை கிரானைட் என்றால் பயமில்லை. மார்பிள், டிராவர்டைன் என்றால் வினிகர் ஒரு சொட்டுப் பட்டாலும் பளபளப்புப் போய்விடும், சுற்றிலும் வாசலின் தடவிக் காப்பாற்றுங்கள். குளத்துக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அது கான்கிரீட்டையும் தின்னும், பித்தளையையும் தின்னும். அமோனியா கலந்த கிளீனரும் கூடாது. அமோனியா பட்ட பித்தளை இழுவிசை வரும்போது விரிசல் விடும்.

இவற்றுக்குப் பிறகுதான் எண்ணெய். இறுகிய திருகுக்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெயை நாலு சொட்டு, காய்ந்த ஆங்கரில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். ஸ்பிரேயாக அடித்தால் பாதி தரையில் போகும். மழை வந்தால் குளத்துக்குள் போய் மேலே படலமாக மிதந்து ஃபில்டரில் ஒட்டும். ஆங்கரைச் சுற்றிப் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். மறுநாள் கீயைக் குழியில் முழுவதும் இறக்கி, அதன் தலையில் சிறு சுத்தியலால் (200 அல்லது 300 கிராம்) பத்துப் பதினைந்து தட்டு, நேர் செங்குத்தாக. பலமாக அல்ல, தொடர்ந்து. மரைக்குள் ஒட்டியிருக்கும் படிவை உடைப்பது இந்த அதிர்வுதான். அதன் பிறகு எழுப்பும் திசையில் திருப்புவதற்கு முன், எதிர்த்திசையில், இறக்குவது போல ஒரு சிறு அழுத்தம் கொடுங்கள். ஒரு மயிரளவு அசைந்தாலும் வென்றாயிற்று. பிறகு இடப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்று, வலப்பக்கம் அதில் பாதி, மறுபடி இடப்பக்கம். மண் பொடிந்து வெளியே வரும்போது வாக்குவம் போடுங்கள். ஒரே மூச்சில் சுற்றி எடுக்கப் பார்த்தால், உடைந்த துகள்கள் மரையில் ஆப்பு அடித்து நடுவழியில் நின்றுவிடும்.

உங்கள் ஏழில் ஐந்தாறு இந்த வழியிலேயே எழும். ஒரே நாளில் எழாதவற்றுக்கு எண்ணெயை மூன்று இரவு தொடர்ந்து கொடுங்கள். நெருப்பு காட்டி விரிவடையச் செய்யலாமே என்று ஒருவர் உங்களிடம் சொல்லக்கூடும். ஈரம் உறிஞ்சிய கான்கிரீட்டில் தீ பட்டால் உள்ளே நீராவி உண்டாகி மேல்பரப்பு சில்லு சில்லாகத் தெறிக்கும், டைல் பிளக்கும், ஊற்றிய எண்ணெய் தீப்பிடிக்கும். கொதிநீருக்கு மேல் சூடு தேவையில்லை.

கேள்வி: டபிள்யூடி-40யை மாதம் ஒரு முறை எல்லா ஆங்கரிலும் அடித்துவிட்டால் இறுகாமல் இருக்குமா? (வாசகர், ஈசூன்)

பதில்: இருக்காது. நீல டப்பாவில் வரும் சாதாரண வகை ஈரத்தை விரட்டவும் லேசான பிடிப்பை விடுவிக்கவும் நல்லது. ஆனால் மெல்லியது, நம் மழையில் நிற்காது. தங்கும் பிசுக்கு மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்திருகை முழுவதும் கழற்றி, துடைத்து, மரையில் மட்டும் நீர்ப்புகா சிலிக்கான் கிரீஸை மெல்லப் பூசுங்கள். கொத்துமல்லி விதையளவு ஓர் ஆங்கருக்குப் போதும். பிதுங்கி வெளியே தெரிந்தால் அதிகம், துடைத்துவிடுங்கள். கிராஃபைட் கலந்த கிரீஸ் வேண்டாம்: உப்பு ஈரத்தில் கிராஃபைட்டும் பித்தளையும் சேர்ந்தால் பித்தளைதான் அரிபடும்.

கேள்வி: குழியின் மூலைகள் ஏற்கெனவே மழுங்கிவிட்டன. கீ சும்மா சுற்றுகிறது. ஆங்கர் தரைமட்டத்தில் இருப்பதால் எதையும் பிடித்துத் திருப்பவும் முடியவில்லை. (வாசகர், புக்கிட் தீமா)

பதில்: முன் சொன்ன சுத்தம், வினிகர், எண்ணெய் மூன்றையும் முடித்துவிட்டு இதைத் தொடங்குங்கள், பிடி கிடைத்தாலும் இறுக்கம் தளராவிட்டால் பயனில்லை. நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் பிட்களில் டி40, டி45 இரண்டும் வாங்குங்கள். தானாக உள்ளே விழுவது வேண்டாம். விளிம்பில் நின்று, சுத்தியலால் தட்டினால் மட்டும் இறங்குவதே வேண்டும். அதன் கூர் விளிம்புகள் பித்தளையில் புதிய வெட்டு போட்டுக்கொள்ளும். கைப்பிடி ராட்செட்டால் மெதுவாகத் திருப்புங்கள். மின்சார இம்பாக்ட் டிரைவரில் போட்டால் ஒரு வினாடியில் அந்தப் புதிய பிடியும் போகும்.

அதுவும் வழுக்கினால், இடமரை எக்ஸ்ட்ராக்டர் (மழுங்கிய திருகைக் கவ்விக் கழற்றும் கருவி). உள்திருகின் நடுவில் எக்ஸ்ட்ராக்டர் கேட்கும் அளவுக்கு டிரில் போட்டு, அதை இடப்பக்கம் திருப்பி இறக்க வேண்டும். பித்தளையில் டிரில் வேகமாகக் கடிக்கும், தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். குறைந்த வேகத்தில், லேசான அழுத்தத்தில் போடுங்கள். எக்ஸ்ட்ராக்டர் உள்ளே உடைந்தால் அந்தக் கடினமான எஃகை டிரில் தொடாது, ஸ்லீவோடு பெயர்த்தெடுப்பதுதான் வழி. ஆகவே அது வளைவது போலக் கையில் தெரிந்தால் உடனே நிறுத்தி, இன்னோர் இரவு எண்ணெய்க்கு விடுங்கள். எழுந்துவிட்ட உள்திருகை மறுபடி பயன்படுத்தாதீர்கள், புதியது மாற்றுங்கள்.

இன்னொரு வகைச் சிக்கல், எழுந்த நிலையில் நின்றுவிட்டு இறங்காமல் இருப்பது. அதற்குக் காரணம் பெரும்பாலும் துளையின் அடியில் சேர்ந்த மண். அமுக்கி அமுக்கி இறக்கினால் ஸ்லீவே பெயரும். முழுவதும் மேலே கழற்றி, அடியை உறிஞ்சி, பிறகு இறக்குங்கள். தலை வெளியே இருப்பதால் லாக்கிங் பிளையர் பிடிக்கும், நடுவில் தோல் துண்டு வைத்துப் பிடியுங்கள்.

கேள்வி: அண்ணே, நான் குளப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஒரு வீட்டில் ஆங்கரைத் திருப்பினால் உள்திருகும் ஸ்லீவும் சேர்ந்தே சுற்றுகின்றன. சூப்பர்வைசர் சிலிக்கான் பசையை ஊற்றிவிடு என்கிறார். சரியா? (வாசகர், காக்கி புக்கிட்)

பதில்: தம்பி, சிலிக்கான் அங்கே நிற்காது. அது ரப்பர் மாதிரி நீளும் பொருள். பட்டை இழுக்க இழுக்க ஆங்கர் சாய்ந்துகொண்டே போகும். சுற்றுகிற ஸ்லீவை வெளியே எடுத்து, ஆங்கர் எப்பாக்ஸியில் (கல்லாக இறுகும் பசை) திரும்பப் பதிப்பதுதான் வேலை.

முதலில் இரண்டையும் பிரித்துப் பார். உள்திருகை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே திருப்பினால் ஸ்லீவு துளையின் சுவரில் உராய்ந்து சில சமயம் நின்றுகொள்ளும். நிற்காவிட்டால் உள்திருகில் ஸ்லைடு ஹேமரை (தண்டில் சறுக்கும் எடையால் தட்டி இழுக்கும் கருவி) மாட்டி, இரண்டையும் சேர்த்தே நேராக மேலே தட்டி எடு. கடப்பாரையால் பக்கவாட்டில் நெம்பாதே, டைல் போகும். வெளியே வந்ததும் துளையைப் பார்க்க வேண்டும். வட்டமாக, சுவர் கெட்டியாக இருந்தால் அதே துளை போதும். முட்டை வடிவமாகத் தேய்ந்தோ, சுவர் விரலால் உதிர்வதாகவோ, விளிம்பில் விரிசலோ இருந்தால் அந்தத் துளையை விட்டுவிடு. பட்டையின் அதே கோட்டில், கெட்டியான இடத்தில் புதுத் துளை.

துளைக்குள் தூசி இருந்தால் எப்பாக்ஸி தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. ஊது, நைலான் பிரஷால் தேய், மறுபடி ஊது. இதை இரண்டு முறையாவது செய். எஃகுக் கம்பி பிரஷ் வேண்டாம். உடைந்த இழைகள் துருவேறி கிரானைட்டில் கறை விடும். துளை காய்ந்திருக்க வேண்டும். பாக்கெட்டில் ஈரத்துக்கும் ஏற்றது என்று போட்டிருந்தால் தவிர. ஸ்லீவின் அடித்திறப்பை நாடாவால் அடை, உள்மரையில் கிரீஸ் பூசி உள்திருகைத் தரைமட்டத்தில் வைத்து மாட்டு. இல்லையென்றால் எப்பாக்ஸி மரைக்குள் ஏறி, நீயே இறுகிய ஆங்கர் ஒன்றைச் செய்துவிடுவாய். துளையில் பாதிக்கும் குறைவாக எப்பாக்ஸியை அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வா, ஸ்லீவைச் சுழற்றியபடி இறக்கு, பிதுங்குவதை உடனே துடை. ஆறும் நேரம் பாக்கெட்டில் போட்டிருக்கும். அது முடியும் வரை ஸ்பிரிங்கை மாட்டாதே. வாடிக்கையாளர் அவசரப்பட்டாலும்தான்.

புதுத் துளை என்றால் இரண்டைக் கவனி. நம் ஊரில் பல குளங்கள் விளிம்பில் வழிந்தோடும் வகை. வடிகால் வாய்க்காலின் ஓரத்திலுள்ள மெல்லிய கான்கிரீட்டில் ஆங்கர் நிற்காது, நீர்ப்புகாப் படலமும் கிழியும். வாய்க்காலுக்கு வெளியே போ. அடியில் குழாயோ விளக்குக்கான மின்கம்பியோ போகிறதா என்று வரைபடத்தைக் கேட்டு வாங்கிய பிறகே டிரில்லை எடு. வரைபடம் இல்லையென்றால் கண்டறியும் கருவி வேண்டும்; அது உன் உயிர் சம்பந்தப்பட்டது, கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது உப்புக் குளம், வீடு கடலை ஒட்டி. சில ஆங்கர்கள் சிவப்பாக மாறி, ஒன்று திருப்பும்போதே கழுத்தில் முறிந்தது. எல்லாவற்றையும் எவர்சில்வருக்கு மாற்றலாமா? (வாசகி, செந்தோசா கோவ்)

பதில்: அந்தச் சிவப்பு துரு அல்ல. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பிலுள்ள குளோரைடு துத்தநாகத்தை மட்டும் கரைத்து வெளியே இழுத்துவிடும். மிச்சம் நிற்பது பஞ்சு போல ஓட்டைகள் நிறைந்த செம்பு. உருவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. உப்புக் குளத்தின் நீரில் உப்பு சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம்தான், கடல்நீரில் 3.5 சதவீதம். ஆனால் தெறித்த நீர் வெயிலில் காய்ந்து, மறுபடி தெறித்து, மறுபடி காயும்போது மரைக்குள் தங்கும் உப்பு குளத்திலிருப்பதைவிடப் பலமடங்கு அடர்த்தியாகும். கடற்காற்று மேலும் சேர்க்கும்.

எவர்சில்வருக்கு மாற்றினால் இந்தச் சிவப்பு வராது. ஆனால் வேறொன்று வரும்: எவர்சில்வர் மரையில் எவர்சில்வர் திருகு உராயும்போது மேல்தோல் உரிந்து இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றிக்கொள்ளும். இது சுத்தமான, புத்தம்புதிய ஆங்கரிலும் நடக்கும். வேகமாகத் திருப்பினால் வாய்ப்பு இன்னும் அதிகம். பற்றிக்கொண்டுவிட்டால் எண்ணெய், வினிகர் எதுவும் உதவாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். போட்டே ஆகவேண்டுமென்றால் 304 ரகம் வேண்டாம், கடலோரத்துக்கு 316; நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (மரை பற்றிக்கொள்ளாமல் தடுக்கும் பூச்சு) பூசி, எப்போதும் கையாலேயே மெதுவாகத் திருப்ப வேண்டும்.

எங்கள் யோசனை: பித்தளையிலேயே இருங்கள், ஆனால் துத்தநாகம் கரைவதைத் தாங்கும் டிஇஸட்ஆர் பித்தளையாகக் கேளுங்கள். ஸ்லீவும் உள்திருகும் ஒரே உலோகமாக இருக்கட்டும். கலந்து போட்டால் உப்பீரத்தில் இரண்டில் பலவீனமானது சீக்கிரம் அரிபடும். வாரம் ஒரு முறை ஆங்கர்களின் மேல் குழாய்த் தண்ணீரை வாளியால் ஊற்றி அலசினாலே ஆயுள் கூடும். சிவந்தவை எத்தனை என்று இப்போதே எண்ணி, முறிவதற்கு முன்பே மாற்றுங்கள். ஸ்பிரிங் இழுவையில் இருக்கும்போது கழுத்து முறிந்தால் அந்த ஸ்பிரிங் முகத்தை நோக்கி வரும். அதனால்தான் ஸ்பிரிங்கை மாட்டவும் கழற்றவும் எப்போதும் கவரோடு வந்த நெம்புகோல் தண்டைப் பயன்படுத்தச் சொல்கிறோம், முகத்தைக் கோட்டுக்கு விலக்கி வைத்து.

கேள்வி: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆங்கர்கள் எழவில்லை. ஆள் வந்து பார்க்க இரண்டு வாரமாகும். அந்த இரண்டு பட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மாட்டலாமா? மூன்று வயதுப் பேத்தி வீட்டில் இருக்கிறாள். (வாசகி, சிக்லாப்)

பதில்: அம்மா, மாட்ட வேண்டாம். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களிலும் இதைத்தான் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

பாதுகாப்பு கவருக்கான அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப்1346. எட்டடிக்கு மேல் அகலமான குளத்தின் கவர் 485 பவுண்டு, அதாவது 220 கிலோ தாங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் சேர்ந்த எடை அது: குழந்தை விழுந்து, காப்பாற்ற இரண்டு பேர் ஏறினாலும் தாங்கட்டும் என்பதற்காக. அந்த எடை துணியில் நிற்பதில்லை. பட்டை வழியாக ஆங்கருக்குப் போகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இல்லையென்றால் அந்தப் பாரம் இருபுறமும் உள்ளவற்றில் ஏறும், நடுவில் கவரின் ஓரம் தளர்ந்து குளத்தின் விளிம்போடு இடைவெளி விழும். ஒரு சிறு குழந்தை அந்த இடைவெளியில் நுழைய முடியும். நுழைந்தால் மேலே துணி இருப்பதால் யார் கண்ணிலும் படாது, தானாக வெளியே வரவும் முடியாது. திறந்த குளத்தில் எல்லோர் கண்ணும் இருக்கும். பாதி மாட்டிய கவர் வீட்டில் உள்ளவர்களுக்கு நிம்மதி தந்து கண்ணை விலக்கிவிடும். அதனால் அது திறந்த குளத்தைவிட ஆபத்தானது.

ஆள் வரும்வரை கவரைச் சுருட்டி வையுங்கள். குளத்துக்குப் போகும் கதவைப் பூட்டி, சாவியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். நாற்காலி, செடித்தொட்டி எதுவும் வேலியருகே ஏற உதவும்படி இருக்கக் கூடாது. குளத்தில் மிதக்கும் பொம்மைகளை எடுத்துவிடுங்கள், அவைதான் குழந்தையை அழைப்பவை. பேத்தி முற்றத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு பெரியவர், வேறு வேலை இல்லாமல், கைபேசி இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில். பட்டையைத் தூணிலோ கனமான தொட்டியிலோ கயிற்றால் கட்டி வைப்பதும் வேண்டாம். அந்தக் கட்டு எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் கவர் நீர் இறங்காத ரகமென்றால் இன்னொன்று: அதன் மேல் தேங்கும் மழைநீரிலேயே, சில அங்குல ஆழத்தில், சிறு குழந்தை மூழ்க முடியும். கவர் மேல் வைக்கும் சிறு பம்ப் மழைக்காலத்தில் எப்போதும் வேலை செய்ய வேண்டும்.

கேள்வி: கொசு ஒழிப்புச் சோதனைக்கு வந்தவர்கள் குளத்தோரத் துளைகளைப் பார்த்து எச்சரித்தார்கள். ஆங்கர் துளையில் கூடவா கொசு வளரும்? (வாசகர், பாசிர் ரிஸ்)

பதில்: வளரும். ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவு நீர்ப்பரப்பு போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிவருகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். உள்திருகு கழன்று தொலைந்த ஸ்லீவு நிழலும் ஈரமுமான சிறு கிணறு; ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கும் மேல் மழை பெய்யும் இந்த ஊரில் அது வற்றவே வற்றாது. எந்த ஸ்லீவையும் காலியாக விடாதீர்கள். உள்திருகு இல்லையென்றால் அளவான ரப்பர் அடைப்பானைத் தரைமட்டத்துக்குச் செருகுங்கள். அடைக்கும் முன் உட்சுவரைப் பிரஷால் தேயுங்கள்: ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். நீர் இறங்கும் வலைக் கவரானாலும் தளர்ந்து தொய்ந்த இடத்தில் இலைச் சேறு அடைத்துத் தண்ணீர் நிற்கும், அங்கேயும் பாருங்கள்.

கேள்வி: குளத்தைச் சுற்றி டைல் இடுக்குகளுக்குப் புதிதாக கிரவுட் போட்டார்கள். இப்போது பாதி ஆங்கர்களின் தலையில் சிமெண்ட். (வாசகர், செம்பவாங்)

பதில்: ஒரு நாளுக்குள் என்றால் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். இறுகிவிட்டால் கூர்முனைக் கொக்கியால் குழிக்குள் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தியெடுத்து, விளிம்பு இடுக்கில் வினிகரைப் பலமுறை விட்டுச் சுரண்ட வேண்டும். கை வலிக்கும், நாளாகும், குறுக்குவழி கிடையாது. அடுத்த முறை கிரவுட் ஆட்கள் வருவதற்கு முந்தின நாளே உள்திருகுகளைத் தரைமட்டத்துக்கு இறக்கி, குழியைக் கிரீஸால் நிரப்பி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்த அன்றே உரித்துத் துடையுங்கள்.

கேள்வி: மரத்தளத்தில் உள்ள ஆங்கர்களுக்கும் இதே பராமரிப்பா? (வாசகி, ஹாலந்து ரோடு)

பதில்: மரை சுத்தம் ஒன்றேதான். வித்தியாசம் பிடிப்பில்: மரத்தள ஆங்கர் தட்டையான விளிம்போடு திருகாணிகளால் பலகையில் நிற்கிறது. பலகை மட்டும் போதாது. அடியில் தாங்குகட்டை இருக்கும் இடத்தில், அல்லது அடியிலிருந்து கூடுதலாக ஒரு கட்டை வைத்துத் திருகியிருக்க வேண்டும். எண்ணெய் மரத்தில் கறை விடும், வெந்நீரோடு நிறுத்திக்கொள்ளப் பாருங்கள். இறுகிய திருகைத் தட்டும்போது பலகை அதிர்ந்து திருகாணிகள் தளரும். முடிந்ததும் அவற்றை ஒருமுறை இறுக்குங்கள்.

கேள்வி: எவ்வளவு நாளுக்கு ஒரு முறை, என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்வீர்களா? உதிரி உள்திருகு எந்த அளவில் வாங்குவது? (வாசகர், அப்பர் தாம்சன்)

பதில்: பனிநாடுகளில் வருடத்துக்கு இருமுறை திருப்பும் ஆங்கருக்கு எழுதிய கால அட்டவணை இங்கே பொருந்தாது. இங்கே மழை, மண், உப்பு மூன்றும் ஆண்டு முழுவதும் உண்டு. கவர் போட்டாலும் போடாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லா உள்திருகையும் முழுவதும் கழற்றுங்கள். ஸ்லீவின் அடிவரை உறிஞ்சுங்கள். மரையைத் துடைத்து கிரீஸ் பூசி இறக்குங்கள். கடலோரமென்றால் மாதம் ஒரு முறை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தொடங்கும் முன் ஒரு சுற்று கட்டாயம். எழுப்பும்போது ஸ்பிரிங் உட்காரும் கழுத்து தெரியும் அளவுக்கு மட்டும் எழுப்புங்கள். அதற்கு மேல் போனால் உள்ளே பிடித்திருக்கும் மரை குறைந்து, பட்டையின் இழுப்பில் வளையும்.

உதிரியை அளவு சொல்லி வாங்க முடியாது, நிறுவனத்துக்கு நிறுவனம் மரை மாறும். நல்ல நிலையிலுள்ள ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், கடையில் பக்கத்தில் வைத்து மரை பல்லோடு பல் பொருந்துகிறதா என்று பாருங்கள். கொண்டுபோன துளையை அதுவரை அடைத்து வையுங்கள். வாங்கியதை முதலில் கையாலேயே மூன்று சுற்று ஏற்றிப் பாருங்கள். அங்கே தடை தெரிந்தால் அது உங்கள் ஆங்கருக்கு உரியதல்ல, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.